இறுகிய ஆயில் சீலும் கற்றவர் கையும்

பழுதுற்ற பொருளைச் செப்பனிடுதல் இருவகைச் செயல்களைத் தன்னுள் அடக்கியது. கெட்டதை நீக்குதல் ஒன்று. கெடாததைக் காத்தல் மற்றொன்று. முன்னதை உடல் வலியுடையோர் எவரும் செய்துவிடுவர். பின்னது அறிவுடையோர்க்கே கைகூடும். களை பறிக்கும் உழவன் பயிரின் வேர் அசையாவண்ணம் பறிக்கின்றான். காலில் தைத்த முள்ளை எடுக்கும் தாய் சதை கிழியாவண்ணம் எடுக்கின்றாள். இவர்தம் செயலில் நாம் வியக்கத்தக்கது காக்கும் திறமே என்பது சிறிது சிந்திப்பார்க்கும் புலனாகும்.

இக் கருத்தினை விளக்குதற்கு யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் பல்லாண்டு இருந்து இறுகிப்போன ஆயில் சீலைக் கழற்றுவது எங்ஙனம் என்பதே அது. ‘கல்லூரி மலரிலே பட்டறைப் பேச்சா?’ என்று முகஞ் சுளிப்பாரும் சிலர் இருத்தல் கூடும். அன்னோர் சற்றே பொறுத்தருள்க. கல்லூரி வாயிலில் நாடோறும் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களை எண்ணிப் பார்ப்பார்க்கு, இப் பொருள் நம்முள் பலருடைய உயிரோடு தொடர்புடையது என்பது விளங்கும். கல்வியோடு அதற்குள்ள தொடர்பைப் பின்னர்க் காண்பாம்.

முன் ஃபோர்க்கின் அமைப்பை முதற்கண் அறிதல் வேண்டும். முன் சக்கரத்தின் இருபுறமும் இரண்டு கால்கள் உள. பெரும்பாலான வண்டிகளில் ஒவ்வொரு காலும் ஒன்றனுள் ஒன்று புகுந்து இயங்கும் இரு குழாய்களால் ஆயது. மேலுள்ளது எஃகுக் குழாய். புறத்தே குரோமியம் பூசப்பெற்றுக் கண்ணாடி போல் விளங்குவது. கீழுள்ளது அலுமினியக் கலவையால் வார்க்கப்பெற்ற உறை. இதனைப் பட்டறையார் பாட்டம் கேஸ் என்பர். உள்ளே சுருள்வில்லும் எண்ணெயும் இருக்கும். சக்கரம் பள்ளத்தில் விழுங்கால் வில்லானது அதிர்ச்சியைத் தாங்குகின்றது. எண்ணெயோ சிறு துளைகளின் வழியே நெருக்குண்டு பாய்ந்து வில்லின் துள்ளலை அடக்குகின்றது. எண்ணெயால் துள்ளலை அடக்கும் இவ்வகை ஃபோர்க்கை விற்பனை வண்டிகளிற் பொருத்திப் புகழ் பெற்றது ஜெர்மனி நாட்டுப் பி. எம். டபிள்யூ. நிறுவனம். 1935 ஆம் ஆண்டில் வந்த ஆர் 12, ஆர் 17 என்னும் வண்டிகளே அவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ் வமைப்பு எங்கும் பரவிற்று. 1955 ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் உருவாக்கிய புல்லட் வண்டிகளும் இவ் வினத்தைச் சார்ந்தனவே.

எஃகுக் குழாய் உறையின் வாயினுட் புகும் இடத்தில் எண்ணெய் வெளியே கசியாமலும், புழுதியும் நீரும் உள்ளே புகாமலும் காக்க வேண்டும். அக் காவலுக்கு இருவர் உளர். மேலே நிற்பது டஸ்ட் சீல், புழுதியைத் தடுப்பது. அதன் கீழ் இருப்பது ஆயில் சீல். இது மெல்லிய எஃகு வளையம் ஒன்றின்மேல் ரப்பர் வார்த்துச் செய்யப்பட்டது. இதன் உள்விளிம்பில் மெல்லிய உதடு உண்டு. அவ் வுதட்டைச் சுற்றி நூல் போன்றதொரு சுருள்வில் அணைத்து நிற்கும். குழாய் ஓடுந்தோறும் உதடு அதனை விடாது தழுவி எண்ணெயை வழித்து உள்ளே நிறுத்துகின்றது. சீல் தன் இருப்பிடத்தை விட்டு எழும்பாதவாறு மேலே ஒரு கம்பி வளையம் உறையின் காடியில் அமர்ந்திருக்கும். அதனைச் சர்க்ளிப் என்றும், சுருக்கமாக லாக் என்றும் வழங்குவர்.

இக் காவலன் தளர்ந்தால் விளைவது யாது? முதலில் குழாயின்மேல் எண்ணெய்ப் படலம் தோன்றும். அதன்மேல் புழுதி ஒட்டிக் கருவளையமாகும். நாளடைவில் எண்ணெய் உறையின் வழியே இறங்கும். உள்ளே எண்ணெய் குறையுமாயின் வில்லை அடக்குவார் இன்றி முன் சக்கரம் துள்ளும். சக்கரம் துள்ளும் நேரமெல்லாம் டயர் தரையைப் பற்றாத நேரமாகும். இறங்கிய எண்ணெய் டிஸ்க் பிரேக்கின்மேல் படுமாயின், பிரேக் பிடித்தும் வண்டி நில்லாது. முன் பிரேக்கே வண்டியை நிறுத்துவதிற் பெரும்பங்கு கொள்வது என்பதை அறிந்தோர், இதனைச் சிறு கசிவு என்று புறக்கணியார். ‘எண்ணெய் தானே, துடைத்துக் கொள்வோம்’ என்று திங்கள் பல கழிப்பது, கூரை ஒழுகுமிடத்தில் பாத்திரம் வைத்துவிட்டு உறங்குவது போன்றதாம்.

எனினும், கசிவு கண்டவுடன் சீலைக் கழற்றப் புகுதலும் தக்கதன்று. சிலபோது சீல் கெட்டிராது. உதட்டின் அடியில் மணலோ உலர்ந்த சேறோ புகுந்து அதனைச் சிறிதே தூக்கி நிறுத்தியிருக்கும். டஸ்ட் சீலை மேலே தள்ளி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை, பழைய எக்ஸ்ரே படத்தின் துண்டாயினும் போதும், உதட்டிற்கும் குழாய்க்கும் இடையே செலுத்திச் சுற்றிவர இழுத்தால் அழுக்கு வெளிப்படும். பின்பு துடைத்துவிட்டுச் சில நாள் நோக்குக. கசிவு நின்றதாயின் கழற்றும் வேலையே இல்லை. கழற்ற வேண்டுமா என்னும் வினாவைக் கழற்றுமுன் எழுப்புதல் அறிவின் முதற்படியாம்.

இனி, கழற்றியே தீரவேண்டிய சீல் ஏன் இறுகுகின்றது என்று பார்ப்போம். புதிய சீலே உறையினுள் நெருக்கமாக அழுத்திப் பொருத்தப்படுவது. உறையின் வாயைவிடச் சீலின் புறவிட்டம் அணுவளவு மிகுதியாயிருத்தலின் அது பற்றி நிற்கின்றது. இந் நெருக்கம் வேண்டியதே. வேண்டாத இறுக்கம் பின்னர் வருவது. டஸ்ட் சீல் வெடித்தபின் மழைநீர் அதன் கீழ் இறங்கித் தங்குகின்றது. எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டு நிற்க, இடையே உப்புக் கலந்த ஈரமும் சேருமாயின், அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. அம் மின்கலத்தில் அரிக்கப்படுவது அலுமினியம். அரித்த அலுமினியம் வெண்பொடியாய் மாறித் தான் முன்னிருந்த இடத்தினும் மிகுந்த இடத்தை வேண்டுகின்றது. இடம் பெறாமையால் ஆப்புப் போல் இருபுறமும் அழுத்தி, சீலை உறையோடு பிணைத்து விடுகின்றது. கடற்கரை ஊர்களில் இத் தொல்லை மிகுதி. லாக் கம்பியும் துருப்பிடித்துக் காடியோடு ஒன்றாகிவிடும். ரப்பரும் ஆண்டுகள் செல்லச் செல்ல நெகிழ்ச்சி இழந்து கல்லாகும்.

இவ் விறுக்கத்தைக் கண்டவுடன் மனிதன் இயல்பாக நாடுவது சுத்தியலையும் உளியையும் ஆம். சீலின் ஓரத்தில் உளியை வைத்து ஓங்கி அடிக்கின்றான். சீல் அசையாது, உளி வழுக்கும். வழுக்கிய உளி, சீல் அமரும் வழவழப்பான சுவரைக் கீறும். அலுமினியம் மெல்லிய உலோகம் ஆதலின் கீறல் ஆழப் பதியும். பின்பு எத்துணை நல்ல சீலைப் புதிதாகப் பொருத்தினும், அக் கீறலின் வழியே எண்ணெய் கசியும். உறையின் வாயில் மெல்லிய விளிம்பு உடைந்து போதலும் உண்டு. சீலின் விலை சிறிது. பாட்டம் கேஸின் விலையோ பன்மடங்கு பெரிது. சிறியதை நீக்கப் புகுந்து பெரியதை இழத்தல் இதுவே. ஆயின் அடித்தவன் அன்று அதனை அறியான். இரு வாரங் கழித்து எண்ணெய் மீண்டும் இறங்கும்போது, ‘புதிய சீல் மட்டமான சரக்கு’ என்று கடைக்காரரை வைவான்.

முறையறிந்தோர் செய்வது வேறு. வண்டியை உறுதியாகத் தாங்கி நிறுத்தி, சக்கரத்தையும் பிரேக்கையும் மட்கார்டையும் அகற்றிய பின்னரே அவர் ஃபோர்க்கின்மேல் கை வைக்கின்றார். மேல்மூடியின் கீழ்ச் சுருள்வில் அழுந்தியிருக்கும் ஆதலின், அதனை முகத்திற்கு நேரே வைத்துக் கழற்றார். பழைய எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடித்துக் கொள்வார். மண்ணிலும் சாக்கடையிலும் விடார். அடுத்து டஸ்ட் சீலை எடுத்து, லாக் கம்பியைத் தேடுவார். துருவினால் கம்பி கண்ணுக்குத் தோன்றாமலும் இருக்கலாம். ஊடுருவும் எண்ணெயைச் சிறிது விட்டு, மெல்லிய கம்பித் தூரிகையாலோ கூரிய ஊசியாலோ காடியைச் சுற்றித் துப்புரவு செய்து, கம்பியின் முனையைக் கண்டு மெல்ல நெம்பி எடுப்பார். லாக் உள்ளிருக்கவே சீலை இழுத்துப் பார்த்து, ‘இறுகிவிட்டது’ என்று பழிப்போர் பலர். கதவின் தாழைத் திறவாமலே கதவு இறுகியது என்பார்க்கும் இவர்க்கும் வேற்றுமை இல்லை.

அடுத்து, ஊடுருவும் எண்ணெயைச் சீலின் ஓரத்தைச் சுற்றி விட்டு ஓர் இரவு முழுதும் வைத்திருத்தல் நன்று. எண்ணெய் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளிகளில் தானே ஏறிச் செல்லும் இயல்புடையது. அதற்கு வேண்டுவது காலம். நாம் உறங்கும்போது நமக்காக வேலை செய்யும் கூலியாள் ஒருவன் உண்டெனில் அவன் இவ் வெண்ணெயே.

மறுநாள் செய்யத்தக்கது வெப்பம் ஊட்டுதல். ஈண்டு நம் இயற்பியல் வகுப்பை நினைவு கூர்வோம். ஒரு பாகை வெப்பம் ஏறினால் அலுமினியம் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 23 பங்கு விரிகின்றது. எஃகு ஏறத்தாழ 12 பங்கே விரிகின்றது. 41 மில்லிமீட்டர் குழாய்க்குரிய சீல் பலவற்றின் புறவிட்டம் 54 மில்லிமீட்டர். உறையின் வாயைத் துணியாற் சுற்றிக் கொதிநீர் ஊற்றுவோமாயின், வெப்பம் 30 பாகையிலிருந்து 100 பாகை வரை, அஃதாவது 70 பாகை, ஏறுகின்றது. அப்போது அலுமினிய வாய் எஃகு வளையத்தினும் ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர் மிகுதியாக விரியும். இஃது ஒரு மயிரிழையின் பருமனும் ஆகாது. ஆயினும் இறுக்கம் என்பதும் அவ்வளவிற்றே ஆதலின், அதனைத் தளர்த்துதற்கு இம் மயிரிழையே பெருந்துணையாகும். உள்ளே ஆப்பாய் நின்ற வெண்பொடியும் இவ் விரிவினால் நொறுங்கும். கொதிநீருக்குப் பதிலாக வெப்பக் காற்று வீசும் கருவியையும் கொள்ளலாம். நெருப்புச் சுடரை நேரே காட்டுதல் தகாது, எஞ்சிய எண்ணெய் பற்றிக்கொள்ளும், பெயின்ட் கருகும், அலுமினியக் கலவையும் தன் உரத்தை இழக்கும்.

வெப்பம் ஆறுமுன் நெம்ப வேண்டும். நெம்புதற்கு அகன்ற முனையுள்ள நெம்புகோலே ஏற்றது. கூரிய திருப்புளி ஆகாது. உறையின் விளிம்பில் மரத்துண்டோ தடித்த தோலோ வைத்து, அதன்மேல் நெம்புகோலைத் தாங்கி, சீலின் கீழ் உதட்டில் முனையை மாட்டிச் சிறிதே தூக்க வேண்டும். ஓரிடத்திலேயே முழு வலியையும் செலுத்தின் சீல் சாய்ந்து முன்னினும் இறுகும். ஆதலின் சிறிது தூக்கி, எதிர்ப்புறம் சென்று சிறிது தூக்கி, இவ்வாறு சுற்றிச் சுற்றி வருதல் வேண்டும். தேர் வடம் பிடிப்போர் இருபுறமும் ஒத்து இழுத்தாலன்றித் தேர் நேரே வாராது அன்றோ?

சில வண்டிகளில் இயற்கையே கருவி தந்திருக்கின்றது. எஃகுக் குழாயின் அடியில் ஒரு புஷ்ஷும், உறையின் வாயருகே ஒரு புஷ்ஷும் உடைய ஃபோர்க்குகளில், அடியிலுள்ள ஆலன் போல்ட்டைக் கழற்றியபின், குழாயை உள்ளே தள்ளி வெளியே வெடுக்கென இழுத்தால், கீழ்ப் புஷ் மேற்புஷ்ஷின்மேல் மோதும். மேற்புஷ் தன் மேலுள்ள வாஷரையும், வாஷர் சீலையும் தூக்கும். பலமுறை இங்ஙனம் இழுக்கவே சீல் நேராக, ஒருபுறமும் சாயாது, வெளிவரும். வெளியிலிருந்து நெம்புவதினும் இது சிறந்தது. ஏனெனில் வலி சுற்றிலும் ஒத்துச் செல்கின்றது. புஷ் இல்லாத சிறு வண்டிகளில் குழாய் மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும்; சீல் உறையிலேயே நிற்கும். அங்கே நெம்புதலே வழி. ஆதலின் வண்டியின் கைந்நூலைப் பார்த்துத் தம் ஃபோர்க்கு எவ்வினத்தது என்று தெளிந்த பின்னரே இழுத்தல் வேண்டும்.

எண்ணெயின் அழுத்தத்தாலேயே சீலை வெளித்தள்ளுவாரும் உளர். உறையை எண்ணெயால் நிரப்பிக் குழாயை மீளச் செலுத்தி, மேல்மூடியை இட்டு அமுக்குவர். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்துச் செலுத்திய அழுத்தம் எவ்விடத்தும் குறையாது பரவும் என்னும் பாஸ்கலின் விதிப்படி, சீலின் அடிப்புறம் முழுதும் ஒரே அழுத்தம் ஏறும், சீல் எழும்பும். லாக் நீங்கியிருத்தல் இதற்கு இன்றியமையாதது. எண்ணெய் பீறிடும் ஆதலின் கண்ணிற்குக் கண்ணாடியும் சுற்றிலும் பழந்துணியும் வேண்டும்.

இவை யாவும் தோற்ற பின்னரே இறுதி வழி. சீலின் மேல்முகத்து எஃகுத் தகட்டில் எதிரெதிரே இரண்டு சிறு துளைகள் இட்டு, அவற்றில் ஸ்குருவை முடுக்கி, அதன் தலையைக் குறடாற் பற்றி இழுத்தல். துளையிடும் முனை தகட்டைக் கடந்து கீழே இறங்காமலும், பக்கச் சுவரைத் தொடாமலும் காத்தல் இதன் உயிர்நிலை. இரும்புத் துகள் உள்ளே விழும் ஆதலின் பின்னர் உறையை மண்ணெண்ணெயால் ஐயமறக் கழுவுதல் வேண்டும். ஒரு துகள் எஞ்சினும் அது புதிய சீலின் உதட்டை அறுக்கும்.

சீல் வெளிவந்ததும் வேலை முடிந்ததென்று களிப்பது கூடாது. அது ஏன் கெட்டது என்று ஆராய்தல் வேண்டும். எஃகுக் குழாயை வெளிச்சத்திற் சுழற்றி, விரல் நகத்தால் தடவிப் பார்க்க. துருக்குழிகள் இருப்பின், எத்தனை சீல் மாற்றினும் அக் குழிகள் அத்தனையையும் கிழிக்கும். குழாயைச் செப்பனிடாது சீலை மட்டும் மாற்றுதல் நோயை விட்டு வலிக்கு மருந்திடுதலாம். புதிய சீலைப் பொருத்தும்போது, வில் தோன்றும் முகம் எண்ணெயை நோக்கிக் கீழிருத்தல் வேண்டும். குழாய் முனையைப் பிளாஸ்டிக் உறையால் மூடி எண்ணெய் தடவி ஏற்றின் உதடு கிழியாது. பழைய சீலையே மேலே வைத்துத் தக்க அளவுள்ள குழாயால் நேராகத் தட்டி இறக்குவது நல்லோர் வழக்கம். பகைவனைக் காவலனாக்கும் சூழ்ச்சி இது. இரு கால்களிலும் எண்ணெய் குறித்த வகையும் குறித்த அளவும் ஒத்திருத்தல் வேண்டும்.

திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை 47 முதல் 50 வரை அடுத்தடுத்து வைத்தருளினார். அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் உரியன என்று நாம் மனனம் செய்து மறந்துவிடுகின்றோம். இறுகிய சீலின்முன் அமர்ந்த மெக்கானிக் ஒருவரை நோக்குக. கழற்ற வேண்டுமா என்று ஆய்கின்றார். அலுமினியத்தின் வலி இவ்வளவென்று அறிகின்றார். எண்ணெய் ஊறும் வரை காத்து, வெப்பம் ஆறுமுன் விரைகின்றார். நெம்புகோலை எங்கே தாங்குவதென்று இடம் அறிகின்றார். இந் நான்கு அதிகாரங்களின் உரையை அவர் படித்திலர் ஆயினும், அவற்றின் பொருள் அவர் விரல்களில் இருக்கின்றது.

நாமோ உரையைப் படித்திருக்கின்றோம், பொருளை விட்டுவிட்டோம். உலோக விரிவின் குணகத்தைத் தேர்வுத் தாளில் பிழையின்றி எழுதும் மாணவன், இறுகிய மூடியொன்றைத் திறக்க வேண்டின் வெந்நீரை நினையாது சுத்தியலைத் தேடுகின்றான். இரு உலோகங்கள் சேருமிடத்து மின்னரிப்பு உண்டாதலை வேதியியலில் படித்தவன், தன் வண்டியின் டஸ்ட் சீல் வெடித்திருப்பதைக் கண்டும் காணாது செல்கின்றான். நூலறிவும் கைத்தொழிலும் இரண்டு ஊர்களாய், இடையே பாலமின்றி நிற்கின்றன. பட்டறையில் வேலை பயிலும் இளைஞனுக்கு ‘ஏன்’ என்பதைச் சொல்வார் இல்லை. கல்லூரி மாணவனுக்கு ‘எப்படி’ என்பதைக் காட்டுவார் இல்லை. இருவரும் இழப்பதே கண்ட பலன்.

‘மெக்கானிக் இருக்கின்றார், பணம் கொடுத்தால் செய்து தருவார், நாம் ஏன் கற்க வேண்டும்?’ என்பர் சிலர். அவர் தொழிலை நாம் பறிக்க வேண்டும் என்பது எமது கருத்தன்று. அவர் தொழிலை மதிப்பதற்கேனும் அதனை அறிதல் வேண்டும் என்கின்றோம். எண்ணெய் ஓர் இரவு ஊற வேண்டும் என்று அறியாதவரே, ‘ஒரு மணி நேரத்தில் வண்டி வேண்டும்’ என்று பட்டறை வாயிலில் நின்று நச்சரிக்கின்றார். அந் நச்சரிப்பே பொறுமையுள்ள கையிலும் சுத்தியலைத் திணிக்கின்றது. கீறல் விழுந்த பாட்டம் கேஸுக்கு மெக்கானிக்கை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. விரைவித்தவருக்கும் அதிற் பங்கு உண்டு. சீலின் விலையைக் கடையில் பேசாது கொடுப்போர், அதனைப் பழுதின்றிக் கழற்றிய இரண்டு மணி நேர உழைப்பிற்குக் கூலி பேரம் பேசுதலும் நாம் நாடோறும் காண்பதே. காத்த பொருள் கண்ணுக்குத் தோன்றாது. உடையாத உறையை எவரும் பாராட்டுவதில்லை. அறிந்தவரே அதன் அருமையை அறிவர். அறிந்தவரே அதற்குரிய கூலியை மனமுவந்து அளிப்பர்.

‘கல்லூரி உயர்கல்விக்குரிய இடம், ஸ்பேனர் பிடிப்பதற்குரிய இடமன்று’ என்பர் வேறு சிலர். மிஷன் கல்லூரியில் இவ் வாதம் எழுவது வியப்பே. நாசரேத்தூரிலே தச்சுத் தொழில் செய்தவரைத் தலைவராகவும், கூடாரத் தொழிலாற் பிழைத்த பவுலைப் போதகராகவும் கொண்டது இம் மரபு. நம் நாட்டிலும் பாசல் மிஷனார் பள்ளிகளோடு நில்லாது, நெசவுச் சாலைகளை நிறுவியும், 1865 ஆம் ஆண்டில் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியும் கைத்தொழிலுக்கு ஏற்றம் அளித்தனர். கையால் உழைப்பது இழிவு என்னும் எண்ணம் நம் சமூகத்தின் பழைய சாதிப் பிரிவினையோடு வேர் பின்னியது. அதனைப் பாடத்திட்டத்தின் பெயரால் நாம் நீர் ஊற்றி வளர்த்தலாகாது.

ஆதலின் எமது வேண்டுகோள் ஒன்றுண்டு, அது பெரிதன்று. பழைய ஃபோர்க் காலொன்றை விலைக்கு வாங்கி இயற்பியல் ஆய்வுக்கூடத்து மேசையில் வைஸில் மாட்டி வைப்போம். பருவத்திற்கு ஆறு சனிக்கிழமைகள் போதும். அருகிலுள்ள பட்டறையிலிருந்து அநுபவம் முதிர்ந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து, தக்க ஊதியம் அளித்து, ஆசிரியர் என்றே அவரை விளித்து, அவர்முன் மாணவரும் மாணவியரும் அமரட்டும். அவர் கையால் காட்டுக. இயற்பியல் பேராசிரியர் அதன் காரணம் கூறுக. அவரோடு வேலை பயிலும் இளைஞரும் உடன் வந்து காரணம் கேட்டுச் செல்க. ஃபோர்க் ஒரு தொடக்கமே. தையல் இயந்திரமும், நீரிறைக்கும் பம்பும், மின்விசிறியும் பின்னர் அம் மேசைக்கு வரலாம். மதிப்பெண் இதற்கு வேண்டா. வேண்டுமாயின் ஒரே தேர்வு வைக்கலாம்: இறுகிய சீலை எடுத்த பின்பு உறையின் சுவரில் கீறல் இல்லாதிருத்தல்.

இத்தகைய பயிற்சி சீலோடு நின்றுவிடும் என்று யாம் எண்ணவில்லை. நாட்டிலும் வீட்டிலும் நீக்கத்தக்கவை பல இறுகிக் கிடக்கின்றன. அவற்றைக் கண்டு சினந்து அடிப்போர் உளர். அஞ்சி அப்படியே விடுவோரும் உளர். அடித்தார் நல்லதையும் உடைக்கின்றனர். விட்டார் தீயதையும் வளர்க்கின்றனர். இறுக்கத்தின் காரணத்தை ஆய்ந்து, தாழ் எங்கே என்று தேடி, ஊற வேண்டியதற்குக் காலம் தந்து, பற்ற வேண்டிய இடத்திற் பற்றி, சுற்றிலும் ஒத்து விசை செலுத்துவோர் மூன்றாமவர். அம் மூன்றாமவரை உருவாக்குதலே கல்வியின் கடன். அதனைத் தொடங்குதற்கு எண்ணெய்க் கறை படிந்த ஒரு மேசை கல்லூரியில் இடம் பெறுமாயின், அக் கறை நமக்கு அணியே ஆகும்.

மாணவ நண்பர்களே! இன்று மாலை வீடு திரும்புமுன் உங்கள் வண்டியின் முன் குழாய்களை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் எண்ணெய் படுமாயின், இவ் வாரமே ஆவன செய்யுங்கள். பட்டறைக்குச் செல்வீராயின், ‘எப்போது முடியும்?’ என்று கேட்குமுன், ‘எவ்வளவு காலம் வேண்டும், ஐயா?’ என்று கேளுங்கள். அவ் வொரு சொல்லில் உங்கள் கல்வி விளங்கும்.